பனியன் பெட்டியின் மேல் ஒரு வாக்கியம்

நான் பிரெஞ்சில் எழுதியதில் அச்சாகி வந்தது முதலில் ஒரே ஒரு வாக்கியம்தான். அது வந்த இடம் பனியன் பெட்டியின் மேலட்டை. சேலத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ஜவுளிக்கடை அலமாரிகளில் அது அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எத்தனையோ பேர் அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூரப் போட்டிருப்பார்கள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதற்கு வந்த சில கடிதங்களைப் பார்க்கும்வரை எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

திருப்பூருக்கு நான் வந்தது ஐம்பதுகளின் கடைசியில். பிறந்து வளர்ந்தது பாண்டிச்சேரி. படித்ததெல்லாம் பிரெஞ்சில். அங்கே ஒரு மில் ஆபீசில் பிரெஞ்சுக் கடிதங்கள் எழுதும் வேலையில் இருந்தேன். கொடி மாறியதும் கடிதங்களும் இங்கிலீஷுக்கு மாறின. நான் கற்ற வித்தைக்கு ஊரில் வேலை இல்லாமல் போயிற்று. மில்லுக்கு வந்துபோகும் நூல் புரோக்கர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டுமாம், போகிறாயா என்று கேட்டார். என் இங்கிலீஷ் அரைகுறை. முதலாளிக்கு அந்த அரையும் இல்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

முதலாளி அவிநாசிபாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பருத்திக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாலு நிட்டிங் மெஷினோடு ராயபுரத்துக்கு வந்தவர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். மெஷினில் எண்ணெய் விடும் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். என்னை எல்லோரும் பாண்டிச்சேரியார் என்று கூப்பிட்டார்கள். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, எங்கள் தெருவிலேயே அது பலர் வாயில் நுழையவில்லை.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பிரெஞ்சு அரசாங்கம் இருந்த காலத்தில், என் சாதியின் வழக்கத்தையும் சட்டத்தையும் விட்டுவிட்டேன், இனிமேல் நானும் என் சந்ததியும் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். கொடுத்தால் புதுக் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். என் தாத்தா கையெழுத்துப் போட்டார். வேலையில் உயரலாம், நாற்காலியில் உட்காரலாம் என்று நினைத்திருப்பார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லையாம். பதிவு எழுதுகிறவர் மேஜைமேல் கிடந்த நாவலைப் புரட்டி, அதில் கண்ணில் பட்ட ஒரு பெயரை எழுதிவிட்டாராம். எந்த நாவல் என்று அப்பாவுக்கும் தெரியாது. நான் பிரெஞ்சு நாவல்களைப் படிக்க ஆரம்பித்ததே அதில் எங்கள் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடித்தான். நூற்றுக்கணக்கில் படித்துவிட்டேன். இன்னும் அகப்படவில்லை.

கம்பெனியில் முதல் நாள் மத்தியானம் பேக்கிங் பகுதியில் சாப்பிட உட்கார வைத்தார்கள். பனியன்களை மடித்துப் பெட்டியில் போடும் இடம் அது, நீளமான அறை. அங்கே மேஸ்திரியாக இருந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நெசவாளர் குடும்பம். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. வருடம் தவறாமல் பழநிக்கு நடந்தே போய் வருவார். அவர் தன் தூக்குப்போசியிலிருந்து எனக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வைத்துக்கொண்டே, "உங்குளுக்குக் குலசாமி எதுங்க?" என்று கேட்டார்.

இந்தப் பக்கத்தில் அது சாதாரணக் கேள்வி. வெயில் அதிகமாக இருக்கிறதே என்பது மாதிரி. ஆனால் தாத்தா கையெழுத்துப் போட்ட நாளோடு பங்காளிகள் எங்களைக் கோயிலுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லீங்க என்றேன். சுற்றி இருந்த ஏழெட்டுப் பேரும் சோற்றிலிருந்து தலை நிமிர்ந்தார்கள். பிறகு மேஸ்திரி, "அதனாலென்னுங்க, சோறு உண்ணுங்க" என்று பேச்சை மாற்றினார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு உறுத்தியது. அடுத்த நாளிலிருந்து மெஸ் சாப்பாட்டை வரவழைத்து ஆபீஸ் அறையில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் பிரெஞ்சுப் புத்தகம்.

ஆனாலும் தினமும் மத்தியானம் மணி அடித்ததும் மேஸ்திரி வாசற்படியில் வந்து நிற்பார். "சாப்பிட வாங்க" என்பார். இல்லீங்க, நீங்க சாப்பிடுங்க என்பேன். செரிங்க என்று போய்விடுவார். பல வருடம் இது நடந்தது. இது அந்த ஊர் உபசாரம், வேறொன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். அவன் ஆப்பிரிக்காவில் எங்கெங்கோ இருந்துவிட்டுக் கடைசியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் தங்கிவிட்டான். பாண்டிச்சேரிக்காரர்கள் எந்த நாட்டுப் பிரஜை என்று தேர்ந்துகொள்ள ஆறு மாதக் கெடு வந்தபோது, பிரான்ஸ் என்று எழுதிக் கொடு, உன்னையும் இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவன் எழுதினான். அதற்கான விண்ணப்பப் பாரம் என் மேஜை டிராயரில் ஆறு மாதமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்றாலே ஒரு பயம். கெடு போயிற்று. நான் இந்தியனானது இப்படித்தான், டிராயரைத் திறக்காமல்.

அண்ணனுக்குக் கோபம் இருந்திருக்கும். ஆனாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவல்களைக் கட்டி அனுப்புவான். ஒரு தடவை வந்த கட்டில் இருந்த புத்தகங்கள் எனக்குப் பழக்கமில்லாதவை. செனகல் பக்கத்தில் பிறந்தவர்கள், கரும்புத் தோட்டங்கள் இருக்கும் தீவுகளில் பிறந்தவர்கள் பிரெஞ்சில் எழுதியவை. அவர்களில் ஒருவர் தன் வீட்டு அடுப்பையும், அம்மா தானியம் குத்துவதையும், தெருவில் அடித்த வெள்ளை அதிகாரியையும் அந்த அதிகாரியின் பாஷையிலேயே எழுதியிருந்தார். படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்கே போகவில்லை. வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

என் அதிர்ச்சிக்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் பள்ளியில், காலையில் நீ செய்வது என்ன என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறேன் என்று எழுதினேன். எங்கள் வாத்தியார் தமிழர்தான். தினமும் அதே பழைய சோற்றைத் தின்றுவிட்டு வருகிறவர்தான். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, ரொட்டியும் வெண்ணெயும் என்று எழுதினார். இந்தப் பாஷையில் இதெல்லாம் வராது என்றார். முப்பது வயதுக்கு மேலும் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், எங்கோ கடல் தாண்டி ஒருவன் தன் பழைய சோற்றை அந்தப் பாஷையில் கொட்டி வைத்திருக்கிறான், பாஷைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நானும் பிரெஞ்சில் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். தாத்தா கையெழுத்துப் போட்ட நாளில் தொடங்கி, பேரன் ஒரு பனியன் ஊரில் வந்து உட்கார்ந்தது வரை. லைன் வீட்டில் ஒற்றை அறை. விடியற்காலையில் தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஐந்து வருடம் அந்த ஒரு மணியில் எழுதினேன். ஒரு பக்கம் நன்றாக வந்துவிட்டால் அதை யாரிடமாவது வாசித்துக் காட்டத் துடிப்பாக இருக்கும். வாசித்துக் காட்ட ஒரு ஜீவன் கிடையாது. இந்த ஊரில் வெள்ளைக்காரன் என்றால் இங்கிலீஷ்காரன். அவன் போனான், கதை முடிந்தது. எனக்கு வேறொரு வெள்ளைக்காரன் இருந்தான், அவன் இன்னும் போகவில்லை, என் வாய்க்குள் இருக்கிறான் என்று யாரிடம் சொல்வது? அந்தச் செனகல்காரருக்கும் தீவுக்காரருக்கும் அதே காயம் பட்ட நாலு பேராவது பக்கத்தில் இருந்திருப்பார்கள். எனக்கு நூறு மைல் சுற்றளவில் ஒருவரும் இல்லை. தனிமை என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த விடியற்காலைகள்தான் அது.

எழுதி முடித்துப் பாரிசில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே நல்ல தாளில் ஒரு கடிதம். பாஷை சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் நாவலில் இந்தியாவைக் காணோமாம். கோயில் இல்லை, நதிக்கரை இல்லை, சாமியார் இல்லை. தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் ஊர் எங்கள் நாட்டிலும் இருக்கிறதே, வாசகர் எதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சின்ன வயதில் சோற்றை அடித்துவிட்டு ரொட்டி போட்டார்கள். இப்போது நான் சோறு போட்டால், இந்தச் சோறு போதாது, யானை வேண்டும் என்கிறார்கள். திரும்பி வந்த நாவலை அப்படியே டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். புதுப் பெட்டி அடிக்கப் போகிறாராம். அன்னப்பட்சி படம் முடிவாகிவிட்டதாம். எல்லாக் கம்பெனியும் பெட்டியில் இங்கிலீஷ் போடுகிறது, நாம் வேறு ஏதாவது போட்டால் வெளிநாட்டுச் சரக்கு மாதிரி இருக்கும் என்றார். "உங்க பாசையில நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. படிக்கறதுக்கு இல்லீங்க, பாக்கறதுக்குத்தான்."

என்ன எழுதினாலும் நடக்கும். ரொம்ப வெண்மை, ரொம்ப மென்மை என்று எழுதியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில் என் நாவலின் முதல் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். தமிழில் சொன்னால் அது இப்படி: 'தாத்தா தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, அவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.'

முதலாளி அதை வாங்கிப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்றார். அர்த்தம் கேட்கவில்லை. சிவகாசியில் அடித்து வந்தது. அன்னப்பட்சிக்குக் கீழே தங்க நிறத்தில், வளைந்து வளைந்து, என் தாத்தா. சரக்கு நன்றாகவே ஓடியது. பாரிஸ் வேண்டாம் என்றதைத் திண்டுக்கல் வாங்கிக்கொண்டது என்று எனக்குள்ளே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு இருக்கும். பனியனில் குறை இருந்தால் பெட்டியின் மேலட்டையை வெட்டிக் கடிதத்தோடு அனுப்பவும், புதுப் பனியன் அனுப்பப்படும் என்று அதில் தமிழில் அச்சடித்திருக்கும். வாங்கினவரோடு வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை. துவைத்ததும் சுருங்கிவிட்டது என்று ஒருவர் எழுதினால் உண்மையா பொய்யா என்று பார்ப்பதில்லை. அட்டை வந்தால் இரண்டு பனியன் போக வேண்டும். அந்தக் கடிதங்கள் ஆபீசுக்கு வராது, நேராகப் பேக்கிங்குக்குப் போகும். மேஸ்திரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இதற்குப் படிப்பு எதற்கு? விலாசத்தைப் பக்கத்து ஸ்டோர் பையன் எழுதித் தருவான். இரண்டு பனியனைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டுக் கடிதத்தை ஒரு நீளக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்.

பெட்டி வந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கம்பெனி முழுக்கக் கழுவித் துடைப்பார்கள். மெஷின்களுக்குச் சந்தனம் வைப்பார்கள். அன்றைக்கு ஆபீசில் வேலை இல்லை. சும்மா நடந்து பேக்கிங் அறைக்குப் போனேன். மூலையில் தொங்கிய கம்பியைக் கழற்றிப் பழைய கடிதங்களை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று தரையில் விழுந்தது. ஊதா மையில், சாய்வாக, உருண்டை உருண்டையாக எழுதிய கையெழுத்து. கன்னியாஸ்திரிகளிடம் படித்த பாண்டிச்சேரி, காரைக்கால் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். குனிந்து எடுத்தேன்.

தாளின் தலைப்பில் என் வாக்கியம் இருந்தது. பெட்டியிலிருந்து அதை மட்டும் நறுக்கி ஒட்டியிருந்தார்.

சாக்கைக் கவிழ்த்துத் தேடினேன். மொத்தம் நாலு கடிதங்கள், எல்லாம் பிரெஞ்சில், எல்லாவற்றின் தலைப்பிலும் அந்த நறுக்கிய அட்டை. தரையில் உட்கார்ந்து படித்தேன்.

எழுதிய அம்மாள் காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. தீபாவளிக்குத் தோட்டக்காரருக்குப் பனியன் எடுக்கப் போய், கடையில் நின்றபடியே பெட்டியைப் படித்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாராம். அவருடைய அப்பாவும் கையெழுத்துப் போட்டவர். அதற்குப் பிறகு அப்பாவின் தங்கை அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லையாம், சாகும்வரை. இதை எழுதியவர் யார், அவருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுங்கள், அடுத்த வாக்கியம் என்ன என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

அதற்கு எங்கள் கம்பெனி இரண்டு பனியன் அனுப்பியது.

இரண்டாவது கடிதத்தில் அவர் சிரித்திருந்தார். பனியனுக்கு நன்றி, ஆனால் இதை உடுத்த என் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, தோட்டக்காரர்தான் குஷியாக இருக்கிறார், நான் கேட்டது அடுத்த வாக்கியம் என்று எழுதியிருந்தார். இரண்டு பனியன் போயிற்று. மூன்றாவது கடிதம் எட்டுப் பக்கம். அவருக்கு ஒரு எண்ணம் தோன்றியிருக்கிறது. எழுதியவர் கூச்ச சுபாவக்காரர் போலிருக்கிறது, மறுபடி படி என்று சொல்லத்தான் அதே வாக்கியத்தைப் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறார் என்று நினைத்திருக்கிறார். ஆகவே மறுபடி படித்து, அதில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியிருந்தார். கணவரோடு சைகோனில், அதாவது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமில், வசித்தபோது அந்த ஊர்க்காரர்கள் இவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் என்றார்களாம், பிரெஞ்சுக்காரர்கள் இந்தியர்கள் என்றார்களாம். ஊருக்குத் திரும்பி வந்தால் சொந்தக்காரர்கள் சைகோன்காரர்கள் என்றார்களாம். நான் ஐந்து வருடம் விடியற்காலையில் எழுதியதை ஒருவர் ஒற்றை வரியிலிருந்து முழுசாகப் படித்துவிட்டிருந்தார். அந்த எட்டுப் பக்கத்துக்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

நாலாவது கடிதம் ஒரு பக்கம்தான். அதற்கு வயது ஒன்றரை வருடம்.

'ஐயா, ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தைப் பதிலாக அனுப்புகிறீர்கள். இப்போது எனக்குப் புரிகிறது. அடுத்த வாக்கியம் என்று ஒன்று இல்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிற்று. நான் இந்த மாதம் மகனோடு பிரான்சுக்குப் போகிறேன். ஒரு மூடியை எடுத்துக்கொண்டு போகிறேன். இனி எழுத மாட்டேன்.'

எழுந்து மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். அந்தக் கம்பெனியில் யாரும் அப்படிக் கத்திக் கேட்டதில்லை, துடைப்பத்தோடு நின்ற பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்றேன். அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கிலீசுன்னு நெனச்சனுங்க. பெங்களூர்ல இருந்துகூட இப்பிடி வருமுங்க. அட்டை வெச்சிருந்துதுங்க, அதான் அனுப்பிட்டனுங்க" என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, "கேக்கலாமுன்னா நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்களேங்க" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். கம்பி தொங்கிய மூலைக்கு நேர் கீழே தூக்குப்போசிகள் வரிசையாக இருந்தன. அவர்கள் தினமும் சாப்பிடுகிற இடம் அதுதான். நாலு வருடம் அந்தக் கடிதங்கள் அவர்கள் தலைக்கு மேலே தொங்கியிருக்கின்றன. ஒரே ஒரு நாள் கூப்பிட்டதற்கு மரியாதையாக வந்து உட்கார்ந்திருந்தால் அந்த ஊதா மை என் கண்ணில் பட்டிருக்கும்.

விஜயதசமியன்று பஸ் ஏறினேன். திருச்சி, தஞ்சாவூர், மாயவரம் என்று மாறி மாறிக் காரைக்கால் போய்ச் சேர்ந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த நாவல் கட்டு மடியில் இருந்தது. அவர் போய்விட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். இருந்தாலும் ஏன் போனேன் என்றால், அந்த வீட்டுக் கதவையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

பூட்டின வீடு. தோட்டக்காரர் இருந்தார், எங்கள் பனியன் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் திருப்பூர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பனியன் நன்றாக உழைக்கிறது என்றார். பிரான்ஸ் விலாசம் அவரிடம் இல்லை. வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்க்கும் புரோக்கரிடமும் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தோட்டக்காரர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு பார்சலைக் கொண்டுவந்தார். அம்மா போன பிறகு வந்ததாம், பிரிக்கவில்லையாம். அது எங்கள் நாலாவது பதில்.

"தபால்காரர் வர்ற நேரத்துக்கு அம்மா வாசல்கிட்ட வந்து நிப்பாங்க சார்" என்றார் அவர். "பார்சல் வந்தா பனியன எடுக்க மாட்டாங்க. மொதல்ல மூடியத்தான் படிப்பாங்க."

அந்தப் பார்சலை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அதுல என்னுங்க எழுதியிருக்குது?" என்றார். பெட்டி வந்து நாலு வருடத்தில் அந்தக் கேள்வியை அந்த ஊரில் ஒருவர் கேட்பது அதுவே முதல் தடவை. சொன்னேன். தாத்தாவையும் கையெழுத்தையும் சொன்னேன். அவர் ஒரு பெட்டியை எடுத்து அந்த வரியைப் பார்த்தார்.

"அப்பறம் என்னுங்க ஆச்சு? எப்பிடித்தான் கூப்பிட்டாங்க?"

அந்த அம்மாள் கேட்ட அதே கேள்வி. நாவலின் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன்: 'கடைசியில் அவருடைய அம்மா, பெயர் எதுவும் சொல்லாமல், சாப்பிட வா என்றாள்.'

முதலாளி தலையை ஆட்டினார். அடுத்த தடவை பெட்டி அடிக்கும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றார். பிரான்சுக்குப் போன அந்த அம்மாள் இனி நம் பனியன் வாங்க மாட்டார் என்று நான் சொன்னேன். அது யாருக்குத் தெரியும் என்றார்.

அடுத்த பொங்கலுக்கு முன் புதுப் பெட்டி வந்தது. அன்னப்பட்சிக்குக் கீழே இரண்டு வரி. அந்த அம்மாள் கண்ணில் அது படாது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாராவது ஒருவர், ஏதாவது ஒரு கடையில், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க மாட்டாரா என்று இருந்தது. தபால் வரும் நேரத்துக்கு நானும் வாசலில் நிற்க ஆரம்பித்தேன்.

மேஸ்திரிக்கு நான் கத்தியதில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து அட்டை வைத்த கடிதம் எது வந்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவருவார். தமிழ்க் கடிதத்தையும் கொண்டுவருவார். "இது உங்குளுதுங்களா, பாருங்க" என்பார். அப்படி முதலில் வந்தது உடுமலைப்பேட்டையிலிருந்து. என் இரண்டு வாக்கியங்களும் முழுசாக இருந்த அட்டை, நாலு மூலையும் கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. கூட இருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை துவைத்ததும் பனியன் சுருங்கி இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"இல்லீங்க" என்றேன். "சுருக்கம்தானுங்க."

மேஸ்திரி கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பனியன் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அப்போது மத்தியான மணி அடித்தது. போகத் திரும்பியவர் வாசற்படியில் நின்று, வழக்கம்போல என் பெயரைச் சொல்லாமல், "சாப்பிட வாங்க" என்றார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.